மாநகரப் பூங்காக்களின் தலைமைப் பொறுப்பு: ஓய்வுக்குப் பின் யார்?

பெங்களூரு: மாநகரப் பூங்காக்களில் நடைபாதை அமைப்பதும் செயற்கை நீரூற்று திறப்பதும் செய்தியாகின்றன. அப்பூங்காக்களை நிர்வகிக்கும் தலைமை அதிகாரி எவ்வாறு தேர்வு செய்யப்படுகிறார், அவர் ஓய்வுபெற்றால் அடுத்து யார் பொறுப்பேற்பார் என்பது அரிதாகவே பேசப்படுகிறது.

அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தச் சட்டம் 1993 ஜூன் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதன்மூலம் சேர்க்கப்பட்ட 12-ஆவது அட்டவணை, நகர உள்ளாட்சி அமைப்புகளிடம் மாநிலங்கள் ஒப்படைக்கக்கூடிய 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகியவை அதில் 12-ஆவதாக இடம்பெற்றுள்ளன. ஆனால், பணியைக் குறிப்பிடும் அந்த அட்டவணை, பணிக்குரிய அதிகாரியை யார் தேர்வு செய்வது என்று கூறவில்லை. அதை அந்தந்த மாநிலத்தின் பணி விதிகளே தீர்மானிக்கின்றன.

பெங்களூரு இதற்குத் தக்க உதாரணம். லால்பாக், கப்பன் பூங்கா ஆகிய இரண்டும் மாநிலத் தோட்டக்கலைத் துறையிடம் உள்ளன. குடியிருப்புப் பகுதிகளில் உள்ள பூங்காக்களை மாநகராட்சியின் தோட்டக்கலைப் பிரிவு பராமரிக்கிறது. ஒரே நகரில் இரு நிர்வாகங்கள், இரு நியமன முறைகள்.

லால்பாகின் வரலாறு தலைமை மாற்றத்தின் வேறொரு முகத்தைக் காட்டுகிறது. லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவில் பயிற்சி பெற்ற ஜெர்மானியரான கிரம்பீகல், பரோடா சமஸ்தானத்தில் பணியாற்றிவிட்டு மைசூரு சமஸ்தானத்துக்கு வந்தவர். ஒரு வகை மரம் பூத்து ஓயும்போது மற்றொன்று பூக்கும் வகையில் சாலையோர மரங்களைத் திட்டமிட்டவர் என்று அவர் போற்றப்படுகிறார். 1932-இல் அவர் ஓய்வுபெற்றபோது, அவரிடம் பணியாற்றிய ஜவராயா பொறுப்பேற்றார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. ஜவராயாவின் காலத்தில் துறையில் சேர்ந்த மரிகவுடா பின்னாளில் தலைமைக்கு வந்தார். 1963-இல் தோட்டக்கலை தனித்துறையானபோது அதன் இயக்குநரும் ஆனார். ஒருவரிடம் கற்றவர் அடுத்தவராக வளர்ந்ததால், நட்ட மரத்தின் நோக்கம் அறிந்தவரே அதைப் பராமரிக்கவும் செய்தார்.

இன்றைய நடைமுறை பெரும்பாலும் மூன்று வழிகளில் அமைகிறது: பதவி உயர்வு, வேறு துறையிலிருந்து அயல்பணி, கூடுதல் பொறுப்பு. பதவி உயர்வில் பணிமூப்பு முக்கிய இடம் பெறுகிறது. அயல்பணியில் வரும் அதிகாரி சில ஆண்டுகளில் தாய்த்துறைக்குத் திரும்பிவிடுவார். ஓர் ஆலமரக் கன்று நிழல் தரும் முன்பே இரண்டு, மூன்று அதிகாரிகள் மாறிவிடுவது இயல்பு.

சிக்கல் மிகுந்தது மூன்றாவது வழிதான். அரசு ஊழியரின் ஓய்வுத் தேதி அவர் பணியில் சேர்ந்த நாளிலேயே கணக்கிடக்கூடியது. எனவே காலியிடம் எதிர்பாராமல் வருவதில்லை. பதவி உயர்வுக் குழு, காலியிட ஆண்டு தொடங்கும் முன்பே கூடித் தகுதியானோர் பட்டியலைத் தயாரிக்க வேண்டும் என்று மத்திய பணியாளர் துறையின் வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. பணிமூப்பு வழக்குகள், திருத்தப்படாத பணி விதிகள் போன்றவற்றால் தாமதம் நேரும்போது, மற்றொரு அதிகாரியிடம் பொறுப்பு ஒப்படைக்கப்படுகிறது.

இது வெறும் அலுவலக ஏற்பாடு அன்று. மத்திய அரசின் விதிகளின்படி, அன்றாடப் பணிகளை மட்டும் கவனிக்கப் பணிக்கப்பட்டவர் நிர்வாக, நிதி அதிகாரங்களைப் பயன்படுத்தலாம். சட்டம் அளிக்கும் அதிகாரங்களைப் பயன்படுத்த இயலாது. பூங்கா நிர்வாகத்தில் இந்த வேறுபாடு முக்கியமானது. மரங்களை வெட்ட அனுமதிப்பது தில்லியில் 1994-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும், மகாராஷ்டிர நகரங்களில் 1975-ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழும் வருகிறது. மும்பை மாநகராட்சியில் தோட்டக் கண்காணிப்பாளரே மர அலுவலராகவும் செயல்படும் வழக்கம் உள்ளது. அந்த நாற்காலி காலியாக இருந்தால் பாதிக்கப்படுவது புல்தரை மட்டுமல்ல. மழைக்காலத்தில் சாயும் நிலையிலுள்ள மரத்தைப் பற்றிய முடிவும்தான்.

பெங்களூருவில் இக்கேள்வி இப்போது கூடுதல் கவனம் பெறுகிறது. முன்பு ஒரே மாநகராட்சியாக இருந்த நகரம், கடந்த 2025 செப்டம்பரில் பெரு பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரே தோட்டக்கலைப் பிரிவின் ஊழியர்களையும் மரக் கணக்கெடுப்புப் பதிவுகளையும் ஐந்தாகப் பகிர வேண்டிய நிலையில், ஐந்து இடங்களிலும் தோட்டக்கலை அறிந்த முழுநேர அதிகாரிகள் தேவைப்படுவர். லால்பாகும் கப்பன் பூங்காவும் முன்போலவே மாநில அரசிடம் இருக்கும்.