மலிவான கார் எது?

இரண்டு பழைய கார்கள் விலைக்கு வருகின்றன. முதல் காரின் விலை 1,50,000 ரூபாய். இரண்டாவது காரின் விலை 2,00,000 ரூபாய். திருவொற்றியூரில் வாழும் ஒரு குடும்பம் இவற்றில் ஒன்றை வாங்கி, ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் வீதம் மூன்று ஆண்டுகள் ஓட்ட நினைக்கிறது. எது மலிவு? "முதல் கார்தான்" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் முதல் கார் 60,000 ரூபாய்க்கும், இரண்டாவது 1,10,000 ரூபாய்க்கும் விலைபோகும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் இழப்பு 90,000 ரூபாய்தான். பெட்ரோல் செலவும் சமம் என்று கொள்வோம். ஆனால் பராமரிப்புச் செலவு முதல் காருக்கு ஆண்டுக்கு 45,000 ரூபாய். இரண்டாவதற்கு 20,000 ரூபாய். இப்போது பெட்ரோல் நீங்கலான செலவைக் கூட்டி 30,000 கிலோமீட்டரால் வகுங்கள். முதல் காருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 50 காசு. இரண்டாவதற்கு 5 ரூபாய். விலை குறைந்த கார் மலிவான கார் அல்ல!

சரி, பராமரிப்புச் செலவு எவ்வளவு ஆகும் என்று வாங்குமுன் எப்படி ஊகிப்பது?

காரில் முக்கியமான பாகங்கள் பத்து என்று கொள்வோம். ஒவ்வொன்றும் ஓர் ஆண்டு பழுதின்றி உழைக்கும் வாய்ப்பு 0.99. பத்தும் பழுதின்றி உழைத்தால்தான் கார் நிற்காமல் ஓடும். ஆகவே 0.99ஐப் பத்து முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.90. பாகங்கள் சற்றே தேய்ந்து, வாய்ப்பு 0.95 ஆகக் குறைந்தால்? விடை 0.60தான்! ஒவ்வொரு பாகத்திலும் சிறு தேய்மானம். மொத்தத்தில் பெரிய சரிவு. பழைய கார் அடிக்கடி பட்டறைக்குப் போவதன் காரணம் இதுதான்.

தேய்மானத்தை ஓடிய கிலோமீட்டரை வைத்து மட்டும் அளந்துவிட முடியாது. துறைமுகச் சாலைகளில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நெரிசலில் சிக்கிய காரின் எஞ்சின், நின்ற இடத்திலேயே நிமிடத்துக்கு 800 முறை சுழல்வதாகக் கொண்டால், ஒரு மணியில் 48,000 சுற்றுகள் ஆகின்றன. கிலோமீட்டர் கருவியோ ஓர் எண்கூட நகர்வதில்லை.

அடுத்து, கடற்காற்று. மழைக்காலத்தில் சமையலறை உப்பு நீர்த்துப்போவதைக் கவனித்திருக்கிறீர்களா? காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலோரத்தில் நிற்கும் கார்களின் மேல் உப்புத்துகள் படிகிறது. மழையே இல்லாவிட்டாலும் இரும்பின் மேல் உப்புநீர்ப் படலம் உண்டாகிறது. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் துருப்பிடிக்கும் வேதிவினை வேகமாக நடக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் பெயின்ட் உப்பிக் கிளம்புகிறது.

விற்பவர் அந்த இடத்தில் பட்டி பூசி, பெயின்ட் அடித்து மறைத்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு சிறு காந்தம் போதும். மெல்லிய துணியில் சுற்றி, கதவின் அடிப்பகுதியில் வைத்துப் பாருங்கள். இரும்புத் தகட்டில் அது நன்றாக ஒட்டும். தடித்த பட்டி இருந்தால் பிடி தளரும். ஏனெனில் தூரம் கூடக்கூடக் காந்த விசை விரைவாகக் குறைகிறது. பிளாஸ்டிக் பம்பரில் இச்சோதனை பயன்படாது.

உதிரிப் பாகங்கள் கிடைக்குமா என்பதும் முக்கியம். எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி முடிக்கவே 1948ல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டது. 1955ல் அது அசோக் லேலண்டாகி, லாரி, பஸ் தயாரிப்புக்கு மாறியது. அம்பாசடர் உற்பத்தியும் 2014ல் நின்றது. உற்பத்தி நின்றுபோன காருக்குப் பாகம் தேடி அலைவதும் ஒரு செலவுதான். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, காரை உயர்த்தி அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் எண்ணெய்க் குழாய்கள் அங்கேதான் செல்கின்றன. அவை துருவால் ஓட்டையானால் இழப்பது பணம் மட்டுமல்ல. உங்கள் வீட்டில் கார் வாங்கும் பேச்சு எழுந்தால், மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்லும்படி பெரியவர்களிடம் சொல்லுங்கள். காந்தத்தை நீங்கள் எடுத்துச் செல்லுங்கள்.