கொல்லைப்புறத்தில் ஓர் இரும்பு மேஜை

எங்கள் பொத்தேரி வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல்லுக்கு அப்பால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் நாலு பேர் சேர்ந்தால்தான் அசைக்க முடிகிற ஒரு மேஜை இருக்கிறது. சாப்பாட்டு மேஜை அல்ல, வெல்டிங் மேஜை! “பெண்கள் பத்திரிகையில் இதெல்லாம் எதற்கு?” என்று முகம் சுளிக்காதீர்கள், சகோதரிகளே. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் அவசியம் படிக்க வேண்டிய விஷயம் இதில் இருக்கிறது.

என் கொழுந்தனார் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் இருபது வருஷம் வெல்டராக இருந்தவர். இப்போது வீட்டிலேயே ஜன்னல் கிரில், கேட் என்று சில்லறை வேலை. குத்துக்காலிட்டுத் தரையில் உட்கார்ந்தே செய்வார். ராத்திரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு தைலம் கேட்பார். ஒரு நாள், “அண்ணி, கனமா ஒரு மேஜை போட்டுடலாம்னு இருக்கேன். நீங்க அளவு பிடிச்சுக் குடுங்க” என்றார்.

“அதுக்கு ஏன் அவ்வளவு கனம்? மெல்லிசுத் தகடு போதாதா?” என்றேன். அவர் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். “மெல்லிசு தோசைக்கல்லை அடுப்புல வெச்சா என்ன ஆவுது?” நெளிந்துபோகும், மாவு ஒரு பக்கமாக ஓடும். கனத்த கல் அசையாது. அதே கதைதான். மேஜை நெளிந்தால் அதன்மேல் செய்கிற கேட்டும் கோணும்.

மேல் பலகைக்கு 10 மில்லிமீட்டர் கனத்தில் கறுப்பு இரும்பு பிளேட், நாலடிக்கு மூன்றடி. ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் 7.85 கிலோ இருக்கும் என்பது இரும்புக் கடைக்காரர் கணக்கு. அப்படிப் பார்த்தால் இந்த பிளேட் மட்டுமே சுமார் 87 கிலோ! காலுக்கும் சட்டத்துக்கும் 50-க்கு 50, 6 மில்லி கனத்தில் ‘எல்’ ஆங்கிள். ஆறு மீட்டர் நீளத்தில் இரண்டு எடுத்தால் சரியாக இருக்கிறது. அது ஒரு 50 கிலோவுக்கு மேல். கூடுவாஞ்சேரியிலிருந்து மீன்பாடி வண்டியில் வந்து இறங்கியபோது தெருவே வேடிக்கை பார்த்தது.

பிளேட்டை மட்டமான மரக்கட்டைகள் மேல் குப்புறப் போட்டு, அதன்மேலேயே சட்டத்தை அடுக்கினார். சுற்றிலும் மூன்று அங்குலம் பிளேட் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கிளாம்ப் கடிக்க இடம் வேண்டுமே! மூலைமட்டம் இருந்தாலும், குறுக்குக் கயிறு பிடித்துப் பார்ப்பதுதான் நிச்சயம். இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவாக வந்தால் சட்டம் சதுரித்திருக்கிறது என்று அர்த்தம். நான் கயிறு பிடித்தேன், கால் அங்குலம் வித்தியாசம் வந்தது. ‘டேக்’ மட்டும் வைத்திருந்ததால் தட்டிச் சரி செய்ய முடிந்தது. முழுசாகப் பற்றவைத்த பிறகு தெரிந்திருந்தால் அறுக்கத்தான் வேண்டும்.

பிளேட்டைச் சட்டத்தோடு சுற்றி முழுக்கப் பற்றவைக்கக் கூடாதாம். பற்றவைத்த இடம் ஆறும்போது சுருங்கி இழுக்கும், பிளேட் வளையும். அங்கங்கே ஓர் அங்குலம், எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறி. காலுக்கடியில் நட்டைப் பற்றவைத்து போல்ட்டைத் திருகிவிட்டால், தரை மேடு பள்ளமாக இருந்தாலும் ரசமட்டம் வைத்துச் சரிக்கட்டலாம். உயரம், நிற்பவரின் முழங்கைக்குச் சற்றுக் கீழே. நம் சமையல் மேடைக்கும் இதே கணக்குதான், யார் பார்க்கிறார்கள்!

இனி முக்கியமான விஷயம். ஒத்தாசைக்கு வந்த பக்கத்து வீட்டுப் பையன் கண்ணாடி போடாமல் அந்த வெளிச்சத்தை எட்டி எட்டிப் பார்த்திருக்கிறான். பகலில் ஒன்றுமில்லை. ராத்திரி பத்து மணிக்கு அவன் அம்மா ஒரு சங்கைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். “அக்கா, கண்ணுல மண்ணை வாரிப் போட்டாப்பல துடிக்கிறான். உங்க மருமகளை ரெண்டு சொட்டு தாய்ப்பால் பீச்சித் தரச் சொல்லுங்களேன்!”

மருமகள் ஐந்து மாதக் குழந்தைக்காரி. பாவம், கொடுக்கத்தான் எழுந்தாள். கொழுந்தனார் தடுத்துவிட்டார். அவர் வேலை பார்த்த இடத்தில் முதலுதவி வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

வெல்டிங் ஒளியிலிருக்கும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடுகிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வலி தெரியும். மேல்தோல் புண்ணாக இருக்கும்போது, கிருமி நீக்காத எதை விட்டாலும் சீழ் பிடிக்க வழியுண்டு. தாய்ப்பால் குழந்தையின் வயிற்றுக்கு அமிர்தம், கண்ணுக்கு மருந்தல்ல. உருளைக்கிழங்கு வில்லையும் வேண்டாம். மருந்துக் கடையில் மரத்துப்போகும் சொட்டு மருந்தை வாங்கி வீட்டில் விட்டுக்கொள்வது இன்னும் ஆபத்து. வலி மறையும், புண் ஆறாது. கசக்காமல், மூடிய இமைமேல் ஈரத்துணி வைத்து, விளக்கை அணைத்துப் படுக்க வைத்துக் கண் மருத்துவரிடம் காட்டுவதே சரி. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தேறிவிடும். இரும்புத் தூள் விழுந்திருந்தால் மட்டும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. பையனை மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம், மூன்றாம் நாள் சைக்கிள் ஓட்டினான்.

சாதாரணக் கறுப்புக் கண்ணாடி இதற்குப் போதாது. பத்தாம் எண், பதினோராம் எண் வெல்டிங் கண்ணாடி வேண்டும். கொட்டகை வாசலில் இப்போது ஒரு தகரத் தடுப்பு நிற்கிறது. குழந்தைகள் கண்ணில் அந்த ஒளி படவே கூடாது.

புகையும் லேசுப்பட்டதல்ல. 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற வகுப்பில் சேர்த்தது. அதிலும் ஜி.ஐ. பைப்பைப் பற்றவைத்தால் துத்தநாகப் புகை கிளம்பி, அன்று மாலையே குளிர்காய்ச்சல் போல நடுக்கும். ஒரு டம்ளர் பால் குடித்தால் முறிந்துவிடும் என்பார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது! காற்றோட்டமும் முகமூடியும்தான் வழி. கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

வேலைச் சட்டையைக் குழந்தைத் துணியோடு ஊற வைக்காதீர்கள். கையைக் கழுவி, உடை மாற்றிய பிறகுதான் குழந்தையைத் தூக்கலாம் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நைலக்ஸ் புடவையோடு அங்கே நிற்கவும் கூடாது. பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். கிரைண்டர் ஓடும்போது முந்தானையும் பின்னலும் இறுகச் செருகியிருக்கட்டும். பொறி 35 அடிவரை பறக்கும் என்பதால், காலி கேஸ் சிலிண்டரைக்கூட முன்வாசலுக்கு மாற்றிவிட்டேன்.

ஐப்பசி அடைமழையில் பிளேட் ஒரே ராத்திரியில் துரு ஏறிவிடும். வேலை முடிந்து ஆறியதும் மிஷின் எண்ணெய்த் துணியால் துடைத்துவிடுகிறேன். ஆறியதா என்று பார்த்தால் தெரியாது, சுட்ட இரும்பும் சுடாத இரும்பும் ஒரே கறுப்பு. அதனால் கொழுந்தனார் சாக்பீஸால் ‘சூடு’ என்று எழுதிவைக்கிறார். படிக்கத் தெரியாத வாண்டுகளுக்காகக் கதவில் மேல் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன்.