கருத்தும் காட்சிநடையும்: ‘பிரதர்ஹுட் ஆஃப் மேன்’ விளக்க அசைவூட்டப்படத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஒரு கருத்தைச் சில நிமிடங்களில் விளக்க முற்படும் அசைவூட்டப்படத்தில் எதைக் காட்டுவது, எதை விடுவது என்னும் தேர்வே காட்சிநடையாக அமைகிறது. அத்தேர்வு கருத்துக்குத் துணைநிற்கவும் கூடும். கருத்தை மறுக்கவும் கூடும். அமெரிக்காவில் 1946ஆம் ஆண்டு வெளிவந்த ‘பிரதர்ஹுட் ஆஃப் மேன்’ என்னும் படத்தின் உருவம், நிறம், அசைவு ஆகியவை இனச்சமத்துவக் கருத்துக்கு எவ்வாறு பயன்பட்டன என்பதையும், அதே நடை எவ்விடத்தில் அக்கருத்துக்கு முரணாயிற்று என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அசைவூட்டம், விளக்கப்படம், காட்சிநடை, தட்டை வரைவு, யுபிஏ, இனச்சமத்துவம்.

முன்னுரை

கல்வி நிறுவனங்கள் விளக்கக் காணொலிகளை உருவாக்கும்போது பெரும்பாலும் உரையே முதலில் எழுதி முடிக்கப்படுகிறது. படங்கள் பின்னர் சேர்க்கப்படுகின்றன. உரையில் பொருள் உள்ளது, படத்தில் அழகு உள்ளது என்னும் எண்ணமே இவ்வழக்கத்திற்கு அடிப்படையாகும். ஆயினும் பார்வையாளர் உரையைக் கேட்டுமுடிக்கும் முன்பே படத்தைக் கண்டு ஒரு முடிவுக்கு வந்துவிடுகின்றார். உரை ஒன்றைச் சொல்லப் படம் வேறொன்றைச் சொல்லுமாயின், நினைவில் நிற்பது படமே ஆகலாம். மனிதரிடையே காணப்படும் புறவேறுபாடுகள் மேலோட்டமானவை என்று நிறுவ முயன்ற ஒரு படத்தில் இச்சிக்கல் மிகக் கூர்மையாக வெளிப்படுகிறது.

படம் தோன்றிய சூழல்

1943ஆம் ஆண்டு ஜூன் மாதம், டெட்ராய்ட் நகரின் பேக்கார்ட் தொழிற்சாலையில் கறுப்பினத் தொழிலாளர் மூவருக்குப் பதவி உயர்வு வழங்கப்பட்டதை எதிர்த்து வெள்ளையினத் தொழிலாளர் ஏறத்தாழ 25,000 பேர் வேலையை விட்டு வெளியேறினர். அதே மாதத்தில் அந்நகரில் மூண்ட இனக்கலவரத்தில் 34 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 25 பேர் கறுப்பினத்தவர். எனவே அமெரிக்க வாகனத் தொழிலாளர் சங்கத்திற்கு இனப்பகைமை என்பது சங்கத்தையே பிளக்கக்கூடிய நடைமுறைச் சிக்கலாக இருந்தது.

அவ்வாண்டிலேயே கொலம்பியா பல்கலைக்கழக மானிடவியலாளர்களான ரூத் பெனடிக்ட், ஜீன் வெல்ட்ஃபிஷ் இருவரும் ‘தி ரேசஸ் ஆஃப் மேன்கைண்ட்’ என்னும் சிறுநூலை வெளியிட்டனர். ஓவியர் ஆட் ரைன்ஹார்ட் அதற்குக் கேலிச்சித்திரங்கள் வரைந்தார். முதல் உலகப்போர்க் கால நுண்ணறிவுச் சோதனைகளில் வடமாநிலங்கள் சிலவற்றின் கறுப்பினத்தவர் தென்மாநிலங்கள் சிலவற்றின் வெள்ளையரைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தனர் என்னும் செய்தி அந்நூலில் இடம்பெற்றிருந்தது. இதற்கு நாடாளுமன்றத்தில் எழுந்த எதிர்ப்பால், படைவீரர்க்கு அந்நூலை வழங்குவது கைவிடப்பட்டது. அந்நூலின் அடிப்படையில் வாகனத் தொழிலாளர் சங்கத்தின் ஆதரவுடன் யுபிஏ நிறுவனம் இப்படத்தை உருவாக்கியது. இராபர்ட் கேனன் இயக்கினார். திரைக்கதையில் ரிங் லார்ட்னர் ஜூனியர், மாரிஸ் ராப்ஃப், ஜான் ஹப்லி, ஃபில் ஈஸ்ட்மன் ஆகியோர் பங்கேற்றனர்.

வழக்கிலிருந்த நடையின் தடை

அக்கால அமெரிக்க அசைவூட்டப்படங்களில் உருண்டு திரண்ட உருவங்களும், நீர்வண்ணப் பின்னணிகளும், இழுபட்டுச் சுருங்கும் அசைவுகளும் வழக்கிலிருந்தன. இந்நடை விலங்குக் கதைகளுக்குப் பொருந்தியது. மனிதரைக் காட்டும்போது கேலி மரபுகளையும் உடன் சுமந்து வந்தது. தடித்த உதடுகள், பிதுங்கிய விழிகள் எனக் கறுப்பினத்தவரை மிகைப்படுத்தி வரைவது மேடைக் கூத்துகளிலிருந்து திரைக்கு வந்த வழக்கமாகும். 1943இல் வார்னர் நிறுவனம் வெளியிட்ட ‘கோல் பிளாக் அண்ட் டி செபன் டுவார்ஃப்ஸ்’ இதற்குத் தெளிவான சான்று. அந்நடையில் சமத்துவத்தை விளக்கியிருந்தால், குரல் மறுக்கும் இழிவைக் கோடுகள் மீண்டும் நிலைநாட்டியிருக்கும்.

மாற்று நடைக்கான பயிற்சிக்களமாகப் போர்க்காலப் பயிற்சிப்படங்கள் விளங்கின. டிஸ்னி நிறுவனமே 1942இல் விமானத் தொழிலாளர்க்காகத் தயாரித்த ‘ஃபோர் மெத்தட்ஸ் ஆஃப் ஃப்ளஷ் ரிவெட்டிங்’ என்னும் படத்தில் அலங்காரங்களை நீக்கி, வரைபடங்களைக் கொண்டே செய்முறையை விளக்கியது. 1941ஆம் ஆண்டு டிஸ்னி வேலைநிறுத்தத்திற்குப் பின் அந்நிறுவனத்தை விட்டு விலகியவர்கள் பலர் யுபிஏயில் ஒன்றுகூடினர். அவர்களுள் ஜான் ஹப்லி, சாக் ஷ்வார்ட்ஸ் இருவரும் 1946இல் எழுதிய கட்டுரையொன்றில், அசைவூட்டத்தின் புதிய மொழி குறியீடுகளால் அமைவது என வாதிட்டனர்.

உருவமும் நிறமும்

படத்தில் ஹென்றி என்பவன் உலகம் சுருங்கிவிட்டதாகக் கனவு காண்கிறான். விழித்தெழும்போது பல நாட்டு மக்களும் அண்டை வீட்டாராகியிருப்பதைப் பார்க்கிறான். முதலில் மகிழ்ச்சி அடைகிறான். பின்னர் அவனுள்ளிருந்து பச்சைநிற உருவமொன்று வெளிப்பட்டு ஐயத்தையும் வெறுப்பையும் தூண்டுகிறது. பின்னணிக் குரல் தோல் நிறம், மூளை, குருதி ஆகியவை பற்றிய தவறான நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து விளக்குகிறது.

உருவங்கள் மெல்லிய கோட்டாலும் ஒளிநிழலற்ற தட்டை நிறத்தாலும் அமைந்தவை. முகத்திற்குத் திரட்சி தரப்படாமையால் மூக்கு, உதடு, கன்னம் ஆகியவற்றை மிகைப்படுத்த வாய்ப்புக் குறைகிறது. எல்லோரும் ஒரே வகைக் கோட்டால் வரையப்படுவதால், ‘அடிப்படையில் ஒருவரே’ என்னும் கூற்றைக் குரல் உரைக்கும் முன்பே கோடு உரைத்துவிடுகிறது.

வெறுப்புக்குப் பச்சை நிறம் தரப்பட்டுள்ளமை கவனத்திற்குரியது. எந்த மனிதரின் தோலுக்கும் உரியதல்லாத நிறம் அது. கறுப்பையோ மஞ்சளையோ தீமைக்கு அடையாளமாக்கும் பழைய நிறக்குறியீட்டை இத்தேர்வு தவிர்க்கிறது. மேலும், வெறுப்பு மனிதனுடன் பிறந்த உறுப்பன்று, பிரித்துப் பார்க்கத்தக்க ஒன்று என்னும் கருத்தும் இதனால் கண்ணுக்குப் புலனாகிறது. ‘முன்முடிவு’ போன்ற அருவப்பொருளை இயல்பு நடையில் காட்ட, நடிப்பும் உரையாடலும் நீண்ட நேரம் தேவைப்படும். இங்கு ஓர் உருவமும் ஒரு நிறமும் போதுமானவையாகின்றன.

அசைவு

குறைந்த எண்ணிக்கையிலான வரைபடங்களைக் கொண்டு அசைவை அமைப்பது செலவைக் குறைக்கும் வழியாகும். சங்கம் ஒன்றின் பொருளுதவியால் உருவான படத்திற்கு இச்சிக்கனம் இன்றியமையாதது. விளக்கப்படத்தில் இதனால் வேறொரு பயனும் விளைகிறது. உருவம் அசையாது நிற்கும்போது செவி குரலைப் பின்தொடர்கிறது. அசையும்போது கண் அவ்வசைவுக்குரிய செய்தியைப் பற்றிக்கொள்கிறது. அனைத்தும் ஒருங்கே அசைந்தால் எது செய்தி, எது அலங்காரம் என்று பார்வையாளரால் பிரித்தறிய இயலாது.

நடையின் எல்லை

எனினும் தட்டை வரைவு தனக்கேயுரிய குறையையும் கொண்டுவந்தது. மனிதரின் தோல் நிறம் ஓரிடத்தில் தொடங்கி ஓரிடத்தில் முடிவதன்று. நிலப்பரப்பெங்கும் சிறுகச் சிறுக மாறிச்செல்லும் தொடர்ச்சி அது. நிறப்படிநிலைகளை ஒதுக்கும் தட்டை வரைவு, ஒரு நிறம் முடியும் கோட்டில் மற்றொரு நிறத்தைத் தொடங்குகிறது. மனித குலத்தை மூன்று பேரினங்களாகப் பகுக்கும் அக்கால வழக்கைச் சிறுநூலும் படமும் ஏற்றிருந்தன. இன்றைய மானிடவியல் கைவிட்ட அப்பகுப்பு, எல்லைக்கோடிட்ட நிறங்களால் மேலும் உறுதியானதாகத் தோன்றுகிறது. இனங்கள் சமம் என்று படம் நிறுவுகிறது. இனங்கள் தனித்தனியே வரையறுக்கப்பட்டவை என்பதையோ வினவாமல் விட்டுவிடுகிறது.

அவ்வாறே, மக்களை விரைவில் அடையாளம் காட்ட வேண்டிப் பனிவீடு, மரபுடை போன்ற எளிய அடையாளங்களைப் படம் பயன்படுத்துகிறது. விளக்கப்படத்திற்குச் சுருக்கம் தேவை. ஆனால் பார்வையாளர் முன்பே அறிந்த அடையாளங்களைக் கொண்டே சுருக்க இயலும். அவற்றுள் பழைய முன்முடிவுகளும் அடங்கியிருக்கும்.

முடிவுரை

இப்படம் தொட்ட செய்தி அதனுடன் தொடர்புடையோர்க்கு எளிதானதாக இருக்கவில்லை. லார்ட்னர் ‘ஹாலிவுட் பதின்மர்’ எனப்பட்டோருள் ஒருவராகச் சிறை சென்றார். ராப்ஃப் திரைத்துறைத் தடைப்பட்டியலில் இடம்பெற்றார். ஹப்லி 1952இல் யுபிஏயை விட்டு விலக நேர்ந்தது. வெல்ட்ஃபிஷ் 1953இல் கொலம்பியா பல்கலைக்கழகப் பணியை இழந்தார்.

காட்சிநடையை உருவாக்குவோர் இப்படத்திலிருந்து மூன்று செய்திகளைப் பெறலாம். முதலாவது, கையிலெடுக்கும் நடை எத்தகைய மரபைச் சுமந்துவருகிறது என்பதை ஆராய்ந்த பின்னரே அதனைத் தேர்தல் வேண்டும். இரண்டாவது, உருவம், நிறம், அசைவு ஒவ்வொன்றும் கருத்தின் எப்பகுதியை ஏற்கிறது என்பது உரை எழுதப்படும்போதே முடிவாக வேண்டும். மூன்றாவது, தேர்ந்த நடையால் காட்ட இயலாதது எது என வினவுதல் வேண்டும். யுபிஏ கலைஞர்கள் முதலிரண்டையும் திறம்படச் செய்தனர். மூன்றாம் வினாவை எழுப்பியிருப்பின், நிறங்களுக்கிடையே அவர்கள் இட்ட கோடு ஓரிடத்திலேனும் கலைந்திருக்கும்.