தாக்குதல் அணி (போக்கிமான்)

தாக்குதல் அணி என்பது போக்கிமான் நிகழ்பட ஆட்டத் தொடரின் போட்டிச் சண்டைகளில், எதிராளியின் அடிகளைத் தாங்கி நின்று வெல்வதை விடுத்து, எதிராளி தன் திட்டத்தை நிறைவேற்றுமுன்பே அவரது அணியை வீழ்த்தும் நோக்குடன் அமைக்கப்படும் ஆறு போக்கிமான்களின் தொகுதி ஆகும். இதற்கு நேர்மாறானது தற்காப்பு அணி எனவும், இவ்விரண்டின் கூறுகளையும் கொண்டது சமநிலை அணி எனவும் அழைக்கப்படுகின்றன. வலிமை மிக்க ஆறு போக்கிமான்களைச் சேர்த்தாலே தாக்குதல் அணி அமைந்துவிடும் என்பது புதியவர்களிடையே பரவலாகக் காணப்படும் கருத்தாகும். இது சரியன்று. இவ்வகை அணியின் அடிப்படை வலிமை அன்று, சுற்றுகளின் கணக்கே ஆகும்.

இக்கட்டுரை ஆறுக்கு ஆறு ஒற்றையர் சண்டையைப் பற்றியது. போக்கிமான் உலக வாகையர் போட்டிகளில் நிகழ்பட ஆட்டப் பிரிவு 2009 முதல் இரட்டையர் முறையில் நடைபெற்று வருவதால் அதன் உத்திகள் வேறானவை. ஒற்றையர் சண்டைக்கான விதிகளைப் பெரும்பாலும் ஆர்வலர் குழுக்களே வகுத்துப் பேணுகின்றன. 2004-இல் தொடங்கப்பட்ட ஸ்மோகன் இவற்றுள் முதன்மையானது. எடுத்துக்காட்டுகள் நான்காம் தலைமுறை ஆட்டங்களில் இருந்து (டயமண்ட், பேர்ள் 2006, பிளாட்டினம் 2008) தரப்பட்டுள்ளன. இன்று அறியப்படும் வடிவில் தாக்குதல் அணி உருப்பெற்றது அத்தலைமுறையில்தான்.

பின்னணி

ஒவ்வொரு போக்கிமானும் ஒன்று அல்லது இரண்டு வகைகளையும் (நீர், நெருப்பு, எஃகு முதலியன), ஓர் இயல்திறனையும், நான்கு நகர்வுகளையும், ஒரு கைப்பொருளையும் கொண்டிருக்கும். உயிர்ப்புள்ளி, தாக்கு, காப்பு, சிறப்புத் தாக்கு, சிறப்புக் காப்பு, விரைவு ஆகிய ஆறும் அதன் அளவுகள் ஆகும். இவற்றுக்குப் பயிற்சிப் புள்ளிகள் மொத்தம் 510 பகிர்ந்தளிக்கப்படலாம். ஓர் அளவில் 252-க்கு மேல் இடுவதால் பயனில்லை. எனவே தாக்குதல் அணியின் உறுப்பினர் பெரும்பாலும் தாக்குக்கு 252, விரைவுக்கு 252 எனப் பெற்றிருக்கும். தற்காப்புக்கு எஞ்சுவது ஏறத்தாழ ஒன்றுமில்லை.

2006-க்கு முன் ஒரு நகர்வு உடல்சார்ந்ததா, சிறப்பு வகையா என்பதை அதன் வகையே முடிவு செய்தது. நீர், நெருப்பு, பனி, இருள் முதலிய அனைத்தும் சிறப்பு. பேய், பாறை, நிலம் முதலிய அனைத்தும் உடல்சார்ந்தவை. இதனால் தாக்கு 125-உம் சிறப்புத் தாக்கு 60-உம் உடைய கியாரடோஸ் தன் சொந்த நீர் வகை நகர்வுகளை அந்த 60-ஐக் கொண்டே செலுத்த வேண்டியிருந்தது. சிறப்புத் தாக்கு 130 உடைய கெங்கார் தன் பேய் வகை நகர்வுகளுக்கு வெறும் 65-ஐ நம்பியிருந்தது. நான்காம் தலைமுறையில் இப்பகுப்பு ஒவ்வொரு நகர்வுக்கும் தனித்தனியாக வரையறுக்கப்பட்டது. பத்தாண்டுகளாகத் தம் வலிமையைப் பயன்படுத்த இயலாதிருந்த போக்கிமான்கள் பல, ஒரே ஆண்டில் அச்சுறுத்தும் தாக்குநர்களாக மாறின. ஸ்டெல்த் ராக், யு-டர்ன் ஆகிய நகர்வுகளும், லைஃப் ஆர்ப், சாய்ஸ் ஸ்கார்ஃப், ஃபோகஸ் சாஷ் ஆகிய கைப்பொருள்களும் அதே தலைமுறையில் அறிமுகமாயின.

சுற்றுக் கணக்கு

ஒரு சுற்றில் ஒரு விளையாட்டாளர் ஒரு செயலை மட்டுமே செய்யலாம்: ஒரு நகர்வைப் பயன்படுத்தலாம், அல்லது களத்தில் உள்ள போக்கிமானை மாற்றலாம். மாற்றுவதும் ஒரு சுற்றைச் செலவழிக்கும். புதிதாக வருவது எதிராளியின் அடியை வாங்கிக்கொண்டே நுழைய வேண்டும். தற்காப்பு அணிக்கு இது சிக்கலன்று. அடி விழுந்தாலும் அடுத்த சுற்றில் தன்னைக் குணப்படுத்திக்கொள்ளும். தாக்குதல் அணியின் உறுப்பினரோ வலுவான ஒரே அடியில் வீழக்கூடியது. ஆகவே அடிபடாமல் களத்தில் நுழைய வழி தேட வேண்டியுள்ளது. அவ்வழிகள் சிலவே.

முதலாவது, எதிராளியின் நகர்வு பாதிக்காத வகையை உள்ளே அனுப்புதல். நில வகை நகர்வு வரும் என ஊகித்துப் பறக்கும் வகையை இறக்குவது இதற்கு எடுத்துக்காட்டு. ஊகம் தவறினால் இழப்பு முழுமையானது. இரண்டாவது, யு-டர்ன் போன்ற நகர்வு. இது அடித்துவிட்டுத் திரும்புவதால், எதிராளி யாரை இறக்கினார் என்பதைக் கண்ட பின்னரே பொருத்தமான போக்கிமானைத் தெரிவு செய்ய முடிகிறது. மூன்றாவது வழி சற்றுக் கடுமையானது. களத்தில் உள்ள போக்கிமான் வீழ்ந்தால் அடுத்தது எந்த அடியும் படாமல் நுழைகிறது. எனவே பயன் முடிந்த ஒரு போக்கிமானை வேண்டுமென்றே பலிகொடுத்து அடுத்ததற்கு வழி திறப்பது தாக்குதல் அணியில் வழக்கமான உத்தியாகும். ஆறுக்கு நான்கு எனப் பின்தங்கியிருக்கும் தாக்குதல் அணி உண்மையில் முன்னணியில் இருக்கக்கூடும் என்பதைப் புதியவர்கள் எளிதில் ஏற்பதில்லை.

இவ்வாறு கிடைக்கும் ஓர் இலவசச் சுற்றில் வலுவூட்டும் நகர்வைப் பயன்படுத்துவது பேராதாயம் தரும். டிராகன் டான்ஸ் தாக்கையும் விரைவையும் ஒன்றரை மடங்காக்கும். ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் தாக்கை இருமடங்காக்கும். அதற்குப் பின் எதிராளியிடம் தடுக்கும் வழி இல்லையெனில் எஞ்சிய அனைத்தும் வரிசையாக வீழும். ஆங்கில வழக்கில் இத்தகைய போக்கிமான் ‘ஸ்வீப்பர்’ எனப்படும். தமிழில் துடைப்பாளர் எனலாம்.

விரைவு

தாக்கும் வலிமையில் ஐந்து புள்ளி கூடுதலா குறைவா என்பது பெரும்பாலும் பொருட்டன்று. விரைவிலோ ஒரு புள்ளியே யார் முதலில் அடிப்பார் என்பதை முடிவு செய்கிறது. 100-ஆம் நிலையில், முழுப் பயிற்சி பெற்ற போக்கிமானின் விரைவு அதன் அடிப்படைப் புள்ளியின் இருமடங்குடன் 99-ஐக் கூட்டினால் கிடைக்கும். விரைவுக்கு உகந்த குணம் இருப்பின் மேலும் 10 விழுக்காடு சேரும், பின்னம் விடப்படும். இக்கணக்கின்படி அடிப்படை விரைவு 100 உடைய சலமென்ஸ், ஃபிளைகான், ஜிராச்சி ஆகியவை 328 வரை எட்டும். 102 உடைய கார்ச்சோம்ப் 333-ஐ எட்டும். கார்ச்சோம்ப் நான்காம் தலைமுறையில் பெற்ற புகழுக்கு இந்த ஐந்து புள்ளிகளும் ஒரு காரணம்.

அணி அமைப்போர் கணக்கிட வேண்டியது வலுவூட்டலுக்குப் பிந்தைய விரைவையும்தான். தாக்குக்கு உகந்த குணமுடைய கியாரடோஸின் விரைவு 261. ஒருமுறை டிராகன் டான்ஸ் ஆடினால் 391 ஆகும். 361 உடைய ஸ்டார்மியை இது முந்துகிறது. ஆனால் 394 உடைய ஜோல்ட்டியான், மூன்றே புள்ளிகளில் முந்திக்கொண்டு, நான்கு மடங்கு பாதிக்கும் மின்சார நகர்வால் அதனை வீழ்த்திவிடும். அதே நிலையில் கிங்ட்ராவின் 269 புள்ளிகள் 403 ஆகி ஜோல்ட்டியானைக் கடந்துவிடுகின்றன. அடிப்படைப் புள்ளியில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு 81-க்கும் 85-க்கும் இடைப்பட்டதே.

எதிராளியும் துடைப்பாளரைக் கொண்டிருப்பார் என்பதால் அதனைத் தடுக்க ஒருவராவது தேவை. ஒரே நகர்வில் பூட்டிவிடும், ஆனால் விரைவை ஒன்றரை மடங்காக்கும் சாய்ஸ் ஸ்கார்ஃப் இதற்கு உதவுகிறது. அதனை அணிந்த ஃபிளைகான் 492 வரை செல்லும். விரைவுக்கு உகந்த குணமுடைய கியாரடோஸ் டிராகன் டான்ஸுக்குப் பின் 430 மட்டுமே எட்டுவதால் ஃபிளைகானே முதலில் அடிக்கும். டிராகன் டான்ஸ் ஆடிய சலமென்ஸும் 492 வரை எட்டக்கூடும். அப்போது யார் முதலில் என்பது நாணயம் சுண்டுவதற்கு ஒப்பானது. விரைவைப் பொருட்படுத்தாது முந்தி அடிக்கும் முந்துரிமை நகர்வுகள் மற்றொரு காப்பு. பிளாட்டினத்தில் சைசருக்குக் கிடைத்த புல்லட் பஞ்ச், அதன் டெக்னீஷியன் இயல்திறனால் ஒன்றரை மடங்கும், எஃகு வகையைச் சேர்ந்தது என்பதால் மேலும் ஒன்றரை மடங்கும் பெற்று, 40 என்னும் சிறு வலிமையில் இருந்து 90-க்கு இணையாக உயர்கிறது.

களப்பொறிகள்

எதிராளியின் பக்கத்தில் ஒருமுறை இடப்பட்டு, அங்கு நுழையும் ஒவ்வொரு போக்கிமானையும் தாக்கும் நகர்வுகள் களப்பொறிகள் ஆகும். ஸ்டெல்த் ராக், நுழையும் போக்கிமான் பாறை வகைக்கு எவ்வளவு நொய்தோ அதற்கேற்பப் பாதிக்கும்: பொதுவாக முழு உயிர்ப்புள்ளியில் எட்டில் ஒரு பங்கு, நொய்ந்தவற்றுக்குக் கால் பங்கு, சாரிசார்ட் போன்ற இருமடி நொய்ந்தவற்றுக்குப் பாதி. ஸ்பைக்ஸ் ஓர் அடுக்குக்கு எட்டில் ஒரு பங்கு, மூன்று அடுக்குக்குக் கால் பங்கு எனப் பாதிக்கும். ஆனால் பறப்பவற்றைத் தொடாது.

இதன் பயனை ஒரு கணக்கு விளக்கும். உயிர்ப்புள்ளிக்கும் காப்புக்கும் முழுப் பயிற்சி பெற்ற வேப்போரியனை எடுத்துக்கொண்டால், லைஃப் ஆர்ப் ஏந்தி ஒருமுறை டிராகன் டான்ஸ் ஆடிய கிங்ட்ராவின் அவுட்ரேஜ் அதற்கு ஏறத்தாழ 71 முதல் 84 விழுக்காடு வரை சேதம் விளைவிக்கும். அதாவது ஒருபோதும் ஒரே அடியில் வீழ்த்தாது. ஸ்டெல்த் ராக் மட்டும் இருப்பினும் 84-உம் 12.5-உம் கூடி நூறை எட்டுவதில்லை. ஸ்பைக்ஸ் ஓர் அடுக்கும் சேர்ந்தால் நுழைவிலேயே கால் பங்கு குறைந்து, பெரும்பாலான வேளைகளில் வேப்போரியன் வீழ்கிறது.

இப்பொறிகளை இடுவதற்கென்றே முதலில் இறக்கப்படும் போக்கிமான் முன்னோடி எனப்படும். நான்காம் தலைமுறையில் ஃபோகஸ் சாஷ் ஏந்திய அசெல்ஃப் இதற்குப் பெயர்பெற்றது. எந்த ஓர் அடியிலும் வீழாது என்னும் உறுதியுடன் அது ஸ்டெல்த் ராக்கை இட்டு, பின் எக்ஸ்ப்ளோஷன் மூலம் தானும் அழிந்து எதிராளிக்கும் பெருஞ்சேதம் விளைவிக்கும். இதில் நுட்பம் ஒன்றுண்டு. பொறிகளை அகற்றும் ரேப்பிட் ஸ்பின் நகர்வுக்கு எதிரே ஓர் இலக்கு வேண்டும். அசெல்ஃப் முந்திக்கொண்டு அழிந்துவிட்டால் அச்சுற்றில் அந்நகர்வு தோல்வியுறும், பொறி நிலைக்கும்.

டிராகன் – மேக்னசோன் அணி

தாக்குதல் அணியின் உறுப்பினர்கள் வேறுவேறான குறைகளைக் கொண்டிருக்க வேண்டும் என்பது பொது விதி. நேர்மாறாக, ஒரே தடையால் நிறுத்தப்படும் பல தாக்குநர்களைத் திரட்டி, அத்தடையை மட்டும் தகர்க்கும் வழியும் உண்டு. நான்காம் தலைமுறையில் டிராகன் வகை நகர்வுகளைத் தாங்கிய வகை எஃகு ஒன்றே. மேக்னசோனின் மேக்னெட் புல் என்னும் இயல்திறன் எதிரே உள்ள எஃகு வகைப் போக்கிமானை மாற்ற இயலாமல் பிடித்து வைக்கிறது. ஆகவே மேக்னசோன் எஃகை அகற்றியபின், டிராகன்களைத் தாங்க எவரும் இல்லை.

நடைமுறையில் இது பின்வருமாறு அமையும். டிராகனைட் அவுட்ரேஜ் பயன்படுத்தும் எனக் கண்டு எதிராளி ஸ்கார்மரியை இறக்குவார். அடுத்து வரும் வாய்ப்பில் அதன்முன் மேக்னசோன் நுழையும். ஸ்கார்மரியின் சிறப்புக் காப்பு மிகக் குறைவு என்பதாலும், பறக்கும் வகையும் கொண்டது என்பதாலும், தண்டர்போல்ட் ஒன்றே அதற்குப் போதுமானது. ஃபோரெட்ரஸ், சைசர் ஆகியவை மின்சாரத்தை விட நெருப்புக்கே அஞ்சுபவை. அவற்றுக்காக மேக்னசோன் நெருப்பு வகை ஹிட்டன் பவரைக் கொண்டிருக்கும்.

இத்தகைய அணி ஒன்றில் அசெல்ஃப் முன்னோடியாகவும், டிராகனைட், கிங்ட்ரா ஆகியவை துடைப்பாளர்களாகவும், ஃபிளைகான் சாய்ஸ் ஸ்கார்ஃப் அணிந்தும், சைசர், மேக்னசோன் ஆகியவை துணையாகவும் அமையலாம். டிராகனைட்டையும் ஃபிளைகானையும் பனி நான்கு மடங்கு பாதிக்கும். அதனை எஃகு இரண்டும் தாங்கும். எஃகு இரண்டையும் நெருப்பு வருத்தும். அதனை டிராகன்கள் தாங்கும். குறிப்பாகச் சைசரை நோக்கி வரும் நெருப்புக் கணையின்முன் கிங்ட்ரா இறங்கினால் சேதம் கால் பங்காகக் குறையும். அடுத்த சுற்று டிராகன் டான்ஸுக்கு உரியதாகிறது.

எதிராளிக்கும் மறுவழிகள் உள்ளன. ஷெட் ஷெல் ஏந்திய ஸ்கார்மரி பொறியில் இருந்து நழுவும். சைசர் யு-டர்ன் மூலம் வெளியேறும், அல்லது சூப்பர்பவரால் மேக்னசோனையே தாக்கும். ஹீட்ரான் எஃகு வகையே ஆயினும் அதன் நெருப்பை மேக்னசோன் தாங்காது. அதற்கு ஃபிளைகானின் எர்த்குவேக் தேவை.

குறைபாடுகள்

அவுட்ரேஜ் இரண்டு அல்லது மூன்று சுற்றுகளுக்கு விளையாட்டாளரின் கட்டுப்பாட்டை மீறித் தொடர்ந்து, பின் குழப்பநிலையில் முடியும். லைஃப் ஆர்ப் ஒவ்வோர் அடிக்கும் பத்தில் ஒரு பங்கு உயிரைப் பறிக்கும். எதிராளி இடும் ஸ்டெல்த் ராக் டிராகனைட், கியாரடோஸ் முதலியவற்றை ஒவ்வொரு நுழைவிலும் கால் பங்கு குறைக்கும். தாக்குதல் அணியில் இவற்றை ஈடுசெய்யக் குணப்படுத்தும் வழி அரிது. இதனால் அதன் தோல்விகள் பெரும்பாலும் விரைவானவை: தவறான ஓர் ஊகத்தில் துடைப்பாளர் வீழ்ந்தால், எஞ்சியவை எதிராளியின் துடைப்பாளரைத் தாங்க மாட்டா. தற்காப்பு அணி ஒரு தவறைப் பத்துச் சுற்றுகளில் திருத்திக்கொள்ளும். தாக்குதல் அணிக்கு அப்பத்துச் சுற்றுகள் கிடைப்பதில்லை.

பிற்காலத் தலைமுறைகள்

2010-இல் வெளிவந்த பிளாக், ஒயிட் ஆட்டங்களில் சண்டைக்கு முன் இரு அணிகளும் காட்டப்படும் முறை வந்தது. மேக்னசோனைக் கண்டவுடன் எதிராளி தன் எஃகு வகையைக் காக்கத் தொடங்கலாம் என்பதால் மறைவின் பயன் குன்றியது. எக்ஸ்ப்ளோஷனின் வலிமையும் அதே தலைமுறையில் பாதியாயிற்று. 2013-இன் எக்ஸ், ஒய் ஆட்டங்கள் டிராகன் வகை நகர்வுகள் சிறிதும் பாதிக்காத தேவதை வகையை அறிமுகப்படுத்தின; எஃகை அகற்றினால் போதும் என்னும் கணக்கு அத்துடன் முடிவுற்றது. டிஃபாக் நகர்வு இரு பக்கப் பொறிகளையும் அகற்றத் தொடங்கியதும் அப்போதே.

2019-இன் ஸ்வோர்ட், ஷீல்ட் ஆட்டங்களில் வந்த ஹெவி-டியூட்டி பூட்ஸ் என்னும் கைப்பொருள் அணிந்தவரைக் களப்பொறிகள் தீண்டா. ஹிட்டன் பவர் அவ்வாட்டங்களில் நீக்கப்பட்டதால் சைசர் மேக்னசோனின் நெருப்புக்கு அஞ்ச வேண்டியதில்லை. 2022-இன் ஸ்கார்லெட், வயலட் ஆட்டங்களில் ஒரு சண்டைக்கு ஒருமுறை போக்கிமானின் வகையையே மாற்றிக்கொள்ளலாம். அவ்வாறு எஃகு வகையை விட்டு நீங்கியதை மேக்னெட் புல் கட்டுப்படுத்தாது.