மாமியாரையும் கேளுங்கள்

கர்ப்பத்தின் 20-ஆவது வாரத்துக்குப் பிறகு பிரஷர் 140/90-ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் இறங்கினால் டாக்டர் உஷாராகிவிடுவார். ‘உங்க அம்மாவுக்கும் இப்படி இருந்துச்சா?’ என்பார். நியாயமான கேள்விதான். மாமியாரையும் கேட்கலாம்.

ஏன்? நஞ்சுக்கொடி பெரும்பாலும் கருவிலிருந்தே வளர்வது. அதன் மரபணுக்களில் பாதி தகப்பன் தந்தவை. 13-ஆவது குரோமோசோமில் எஃப்.எல்.டி.1 என்றொரு மரபணு. அதிலிருந்து வரும் ஒரு புரதத்தை நஞ்சுக்கொடி அளவுக்கு மீறித் தாயின் ரத்தத்தில் கலந்துவிட்டால், ரத்தக் குழாய்களைப் பேணும் வளர்ச்சிப் புரதங்களை அது பிடித்து முடக்கிவிடும். குழாய்கள் இறுகும், பிரஷர் ஏறும்.

அந்தக் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக உள்ள கருவைச் சுமப்பவர்களுக்கு இந்தக் கர்ப்பகாலப் பிரஷர் நோய் கூடுதலாக வருவது பழைய துப்பு. 2017-இல் வெளியான பெரிய ஆய்வும் குழந்தையின் மரபணுக்களில் எஃப்.எல்.டி.1 இருக்கும் பக்கத்தையே சுட்டியது.