பழைய சைக்கிளை எப்போது மாற்றுவது?

குளுவாங் மாவட்டத்தைச் சேர்ந்த லாயாங் லாயாங், இரயில் பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர். சுற்றிலும் மேடும் பள்ளமுமான தோட்டங்கள். இன்று மோட்டார் சைக்கிள்கள் பெருகிவிட்டன. ஆயினும் இத்தகைய ஊர்களில் நிரைக்குச் செல்லவும் கடைக்குச் சென்றுவரவும் சைக்கிளை நம்பியிருப்போர் அறவே இல்லாமற் போகவில்லை. அவ்வண்டிகளிற் சில தகப்பனார் காலத்தவை. அவற்றை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

வர்ணம் உரிந்ததையும் டயர் தேய்ந்ததையும் கண்டு வண்டியின் ஆயுளை நாம் கணக்கிடுகிறோம். அது சரியான அளவுகோல் அன்று. 1941 டிசம்பரில் மலாயாவுக்குள் புகுந்த ஜப்பானியப் படையினர் சைக்கிள்களில் தெற்கே விரைந்தபோது, டயர் வெடித்தவர்கள் வெறும் ரிம்மிலேயே ஓட்டிச் சென்றனர். 1942 சனவரி இறுதியில் அப்போர் லாயாங் லாயாங் இரயில் பாதை வரையிலும் வந்தது. அக்கொடிய நாட்களை நினைவூட்டுவது நம் நோக்கமன்று. டயர் இன்றியும் வண்டி உருளும். முன் கவட்டை முறிந்தாலோ ஓட்டுபவர் முகங்குப்புற விழுவார் என்பதையே சொல்ல வந்தோம்.

டயர், டியூப், செயின், பிரேக் கட்டை ஆகியவை தேய்வதற்கென்றே அமைந்தவை. அவற்றுக்காகப் புது வண்டி வாங்க வேண்டுவதில்லை. செயினில் ஓர் ஊசி நடுவிலிருந்து 24 கண்ணிகளை எண்ணி அளந்தால் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு மிகுந்திருந்தால் செயினை மாற்றுக; எட்டில் ஒரு பங்கு மிகுந்திருந்தால் பற்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற நேரும். டயரைப் பற்றி நமக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டுமா? நாம் வெட்டும் பால்தானே அது! ஆயினும் ஒன்று: எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பி இளகும். செயினுக்கு எண்ணெய் விடும்போது டயரில் சிந்தினால் உடனே துடைத்துவிட வேண்டும்.

உண்மையில் கவனிக்கவேண்டியது சட்டகம். பால் உறைவதற்கு மங்கில் ஊற்றும் பார்மிக் அமிலமும், உறைந்த கட்டியிலிருந்து வடியும் புளித்த நீரும் இரும்பை அரிக்கும். அவை வண்டியில் வடிந்தால் அன்றே நீர்விட்டுக் கழுவுதல் நலம். பெடல் அச்சு பொருந்திய குழலே தாழ்வான இடமாதலால் மழைநீர் அங்கே தேங்கி, உள்ளிருந்தே துருவேற்றும். வெளிவர்ணம் பளபளவென்றே இருக்கும். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கவட்டையும் கைப்பிடித் தண்டும் சேருமிடத்தில் மெல்லிய துருக்கோடு தெரிந்தால், அது பெரும்பாலும் விரிசலே. அதனைப் பற்றவைத்து ஓட்டுவோரும் உளர். சூட்டினால் ஒட்டின் பக்கத்துக் குழல் வலுவிழக்கும் என்பதால், பாரம் ஏற்றும் வண்டிக்கு அம்முறை ஆகாது. இங்கேதான் மாற்றும் வேளை வருகிறது.

பாரத்தையும் எண்ணிப் பாருங்கள். 20 லிட்டர் பால் ஏறக்குறைய 20 கிலோ. பல காரியர்களில் 25 கிலோவே எல்லை எனப் பொறித்திருக்கும். இரு வாளிகளைக் கட்டி இறக்கத்தில் இறங்கினால் எல்லை கடந்துவிடுகிறது. மழை நாளில் இன்னும் மோசம்: இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் பிடிப்பு பெருமளவு குறைந்துவிடும். அலுமினிய ரிம் ஈரத்திலும் ஓரளவு நன்றாகவே பிடிக்கும். ஆகவே புதியதை வாங்கும்போது இரும்புச் சட்டகமும் அலுமினிய ரிம்மும் கூடிய எளிய வண்டியைத் தேடுவது தகும். பல கியர் வைத்த வண்டி பார்வைக்கு அழகு. சேற்றில் அதன் தொல்லையைப் பட்டவர்கள் அறிவார்கள். தவணையில் எடுத்தால் முழு விலை எவ்வளவு ஆகிறதென்று எழுத்தில் கேட்டுப் பெறுக; சட்டக எண்ணை ரசீதில் குறிக்கச் சொல்க.

பழையதை என் செய்வது? சக்கரம், இருக்கை, மணி முதலியன மற்றொரு வண்டிக்கு உதவும். விரிசல் கண்ட கவட்டையை மட்டும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கென்று எடுத்துவைக்க வேண்டாம். வேறெவரும் பொருத்திவிடாதபடி, இரும்புக்குப் போடுமுன் வாளால் இரண்டாக அறுத்துவிடுக.