சுடர் ஆடுகிறது, சூடு வரவில்லை

அமெரிக்காவில் மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்களிடம் குளிர்காலத் தொடக்கத்தில் பேசினால் இந்தப் புகாரைக் கேட்கலாம்: மின்கணப்பில் தீ ஜம்மென்று ஆடுகிறது, அறை மட்டும் சில்லென்றே கிடக்கிறது. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், அவசரமில்லாமல் பார்க்கலாம். பெரும்பாலும் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடக்கூடிய கோளாறுதான் இது.

அந்தப் பெட்டிக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு வேலைகள் நடக்கின்றன. கீழே, பொய் விறகுக்குப் பின்னால், பளபளக்கும் தகட்டுத் துண்டுகள் பொருத்திய ஒரு கம்பி மெதுவாகச் சுழல்கிறது. எல்.இ.டி. விளக்கின் ஒளி அதில் பட்டுச் சிதறித் திரையில் விழுகிறது. நாம் பார்க்கும் தீ அவ்வளவுதான். அதற்குச் சொற்ப மின்சாரம் போதும். சூட்டைத் தருவது தனியாக இருக்கும் ஹீட்டர் கம்பியும் அதன் மேல் காற்றை ஊதும் சின்ன விசிறியும். அந்தப் பகுதி சாதாரணமாக 1,500 வாட் இழுக்கும். ஆகவே, தீ தெரிகிறது என்றால் பெட்டி வரை கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். சூடு வரும் பாதையை மட்டும் தேடினால் போதும். ஒளி இருந்தும் தீ ஆடாமல் அப்படியே நின்றால், கம்பியைச் சுழற்றும் குட்டி மோட்டார் போய்விட்டது. அதை மாற்றுவது சுலபம்.

ஸ்க்ரூடிரைவரைத் தேடும் முன் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். அறையின் வெப்பத்தைவிடக் குறைவாக வைத்திருந்தால் ஹீட்டர் கிளம்பவே கிளம்பாது. தீயை மட்டும் காட்டும் நிலையும் பல மாடல்களில் உண்டு. ரிமோட்டின் பேட்டரியையும் ஒரு தடவை மாற்றிப் பார்த்துவிடுங்கள்.

ஆரம்பத்தில் சூடு வந்து, சில நிமிடங்களில் நின்று, ஆறிய பிறகு மறுபடி வருகிறதா? அப்படியானால் தூசியைச் சந்தேகியுங்கள். காற்று உள்ளே போகும் வழியில் நாய் முடியும் பஞ்சும் அடைத்திருக்கும், அல்லது விசிறி தளர்ந்து மெதுவாகச் சுற்றும். காற்று போதாமல் கம்பி அளவுக்கு மீறிச் சூடாகிறது. உள்ளே இருக்கும் வெப்பக் காவல் சுவிட்ச் இணைப்பைத் துண்டிக்கிறது. திறக்கும் முன் பிரேக்கரை அணையுங்கள், வெளி மின்சாரக் கேபிளைக் கழற்றுங்கள், ஜெனரேட்டரையும் இன்வெர்ட்டரையும் நிறுத்துங்கள். வெளி மின்சாரம் போனதும் இன்வெர்ட்டர் தானாகவே விழித்துக்கொண்டு சாக்கெட்டுக்கு உயிர் கொடுக்கும் வண்டிகள் இருக்கின்றன. கணப்பு நன்றாக ஆறட்டும். ஓரத் திருகுகளைக் கழற்றிப் பெட்டியை முன்னால் இழுத்து, பின்னால் உள்ள பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். தூசியை உறிஞ்சி எடுத்த பின், விசிறியை விரலால் ஒரு சுற்று சுற்றுங்கள். தடையில்லாமல் ஓடி நிற்க வேண்டும்.

சில பெட்டிகளில் ஒருமுறை போனால் மீளாத வெப்ப ஃபியூஸும் இருக்கும். அதைச் சுற்றிக் கம்பி போட்டு நேரடியாக இணைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். நாலு பக்கமும் மரப்பலகையும் துணியும் உள்ள வண்டி அது. நீங்கள் தூங்கும்போது விழித்திருக்கும் கடைசிக் காவல் அந்த ஃபியூஸ். அதே வெப்ப அளவுள்ள புதியதை மாற்றுங்கள். சால்டர் வைத்தால் அந்தச் சூட்டிலேயே புது ஃபியூஸ் போய்விடும், அதனால் இணைப்பை அழுத்திக் கவ்வவைக்க வேண்டும்.

மல்டிமீட்டர் பழக்கம் இருந்தால் ஹீட்டர் கம்பியையும் அளந்துவிடலாம். இணைப்பைக் கழற்றிவிட்டு வைத்தால், 120 வோல்ட்டுக்கான 1,500 வாட் நிக்ரோம் கம்பி சுமார் 9.6 ஓம் காட்ட வேண்டும். 750 வாட் கம்பிகள் இரண்டாக இருந்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 19 ஓம். மீட்டர் அசையவே இல்லை என்றால் கம்பி அறுந்திருக்கிறது. பீங்கான் வகை ஹீட்டருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இதுவரை சொன்னது பெட்டிக்குள். எனக்கு அதிகக் கவலை தருவது பெட்டிக்குப் பின்னால் இருக்கும் சாக்கெட். நம் ஊர் 230 வோல்ட்டில் 1,500 வாட் ஹீட்டர் ஆறரை ஆம்பியர்தான் எடுக்கும். அமெரிக்காவின் 120 வோல்ட்டில் அதே சூட்டுக்குப் பன்னிரண்டரை ஆம்பியர் வேண்டும். தளர்ந்த இணைப்பில் உண்டாகும் வெப்பம் கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுவதால், அதே தளர்ச்சி அங்கே மூன்றரை மடங்குக்கு மேல் சுடுகிறது. மோட்டார்ஹோமோ ஓடும் வீடு. ஒவ்வொரு பள்ளமும் இணைப்புகளை உலுக்குகிறது. போதாததற்கு, பல வண்டிகளின் சாக்கெட்டுகளில் கம்பியைத் திருகால் இறுக்குவதில்லை, பிளவுக்குள் அழுத்திச் செருகிவிடுகிறார்கள். விளக்குக்கு அது போதும். இரவெல்லாம் ஓடும் ஹீட்டருக்குப் போதாது. பிளக்கின் பின்னைச் சுற்றிப் பழுப்பு நிறமோ, உருகிய விளிம்போ, கருகிய வாசனையோ தெரிந்தால், திருகு வைத்த நல்ல சாக்கெட்டாக எலக்ட்ரீஷியனை விட்டு மாற்றச் சொல்லுங்கள். பிளக்கும் கருகியிருந்தால் அதையும் மாற்றத்தான் வேண்டும். 20 ஆம்பியர் பிரேக்கருக்கு 12 கேஜ் கம்பி வேண்டும். 14 கேஜ் கம்பியை அப்படியே விட்டுவிட்டு, ட்ரிப் ஆகிறதே என்று பெரிய பிரேக்கரை மட்டும் மாட்டுவது ஆபத்து.

ட்ரிப் ஆவதற்குக் கணப்பே காரணமாக இருக்க வேண்டும் என்பதுமில்லை. 30 ஆம்பியர் இணைப்பு உள்ள வண்டிக்கு மொத்தமே 3,600 வாட்தான். கணப்புக்குப் பன்னிரண்டரை ஆம்பியர், வெந்நீர் ஹீட்டரின் சூடேற்றும் கம்பிக்கு ஏறக்குறைய 12 என்று போனால், மைக்ரோவேவைத் தட்டிய உடனே வரம்பு தாண்டிவிடும். வண்டிகள் நிற்கும் முகாமில் எல்லாரும் ஹீட்டர் போட்ட இரவில் வோல்ட்டேஜும் இறங்கும். 105 வோல்ட் வந்தால் 1,500 வாட் கணப்பு சுமார் 1,150 வாட்தான் தரும். சூடு மந்தமாக இருக்கிறதே என்று பெட்டியைப் பிரிக்கும் முன் சாக்கெட்டில் வோல்ட்டேஜை அளந்து பாருங்கள்.

மின்இணைப்பு இல்லாத இடத்தில் கணப்பைப் பேட்டரியில் ஓட்டலாமா என்று கேட்பார்கள். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 1,500 வாட் எடுக்க 125 ஆம்பியருக்கு மேல் வேண்டும். 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அதனால்தான் பெரும்பாலான வண்டிகளில் கணப்பை இன்வெர்ட்டரோடு இணைப்பதில்லை. இன்வெர்ட்டரில் ஓடும்போது கணப்பு செத்துக் கிடந்தால் அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

கணப்பு சரியாகிவிட்டால், வண்டியைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸை நிறுத்திவிட்டுப் புரோப்பேனை மிச்சப்படுத்தலாம் என்று தோன்றும். உறைபனி இரவில் மட்டும் அப்படிச் செய்யாதீர்கள். பல வண்டிகளில் ஃபர்னஸின் சூடான காற்றில் ஒரு பங்கு தளத்துக்கு அடியில் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் குழாய்களுக்கும் போகிறது. கணப்பின் சூடு அங்கே எட்டாது. ஃபர்னஸின் தெர்மோஸ்டாட் கணப்புக்கு எதிரே இருந்தால் இன்னும் மோசம். அறை இதமாக இருக்கிறது என்று அது ஃபர்னஸைக் கிளப்பாமலே விட்டுவிடும், கீழே குழாய் உறைந்து வெடிக்கும். அந்த மாதிரி இரவுகளில் கணப்பைக் குறைத்து வைத்து, ஃபர்னஸ் அவ்வப்போது ஓடும்படி விடுங்கள்.